பெல்ட் வேண்டாம் என்று வரும் பெண்களுக்குக் கராத்தேயிலிருந்து எதைக் கொடுப்பது?

தருமபுரி ஷிட்டோ-ரியு · ஞாயிறு, இரவு 9.10

தருமபுரியில் ஷிட்டோ-ரியு கராத்தே கற்றுத்தருகிறேன். மாலையில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்முற்றத்தில் வகுப்பு; பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். இப்போது வேறு மாதிரியான கோரிக்கை ஒன்று வந்திருக்கிறது. நல்லம்பள்ளி, பாலக்கோடு பக்கத்திலிருந்து ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் வேலைக்குப் போகும் பெண்கள் சிலரும் கல்லூரி மாணவிகள் சிலரும் சேர்ந்து கேட்கிறார்கள்: “பெல்ட் வேண்டாம், போட்டி வேண்டாம். ஞாயிறு காலை மட்டும் வர முடியும், அதுவும் மூன்று மாதம். எங்களுக்குப் பயன்படுவதை மட்டும் சொல்லிக்கொடுங்கள்.”

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், எதிர்த்துப் பேசுங்கள். வழக்கமான வகுப்பின் முதல் மூன்று மாதத்தை அப்படியே இவர்களுக்குக் கொடுப்பது அநியாயம். அந்த மூன்று மாதத்தில் ஒரு பிள்ளை என்ன கற்கிறது? குதிரை நிலையில், அதாவது காலை அகட்டி முழங்காலை மடக்கி, நின்று காற்றில் குத்துகிறது. மேல் தடுப்பு, நடுத் தடுப்பு, கீழ்த் தடுப்பு கற்கிறது. முதல் கட்டாவை, அதாவது மனப்பாடமாகச் செய்யும் அசைவு வரிசையை, பாதி வரை செய்கிறது. அந்தத் தடுப்புகள் எல்லாம் யாருக்கு எதிராக? இரண்டு எட்டு தள்ளி நின்று, முன்கூட்டியே அறிவித்து, ஒரே ஒரு நேர்க்குத்து விட்டுக் கையை அப்படியே நீட்டி வைத்திருக்கும் இணைக்கு எதிராக. கிருஷ்ணகிரி பஸ் நிலையத்தில் எவனும் அப்படி வருவதில்லை. பக்கத்தில் வந்து நிற்கிறான். பேச்சுக் கொடுக்கிறான். மணிக்கட்டைப் பிடிக்கிறான், துப்பட்டாவை இழுக்கிறான், பின்னலைப் பற்றுகிறான், சுவரோடு சேர்த்து அழுத்துகிறான்.

ஆகவே தாக்குதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். இந்த ஊர்ப் பெண்களுக்கு உண்மையில் என்ன நடக்கிறதோ அதை அவர்களிடமே கேட்டு எழுதிக்கொண்டு, அதற்கு நம் கட்டாக்களில் என்ன விடை இருக்கிறது என்று தேடுவது. விடை இல்லாத இடத்தில் வேறு கலையிடம் கேட்பது. பயன்படாததை, எவ்வளவு அழகாக இருந்தாலும், இந்த மூன்று மாதத்துக்கு எடுத்து வைத்துவிடுவது.

“பாரம்பரியத்தைக் கெடுக்கிறாய்” என்று சொல்ல வருபவர்களுக்கு ஒரு சங்கதி. நாம் பாரம்பரியம் என்று பிடித்துக்கொண்டிருக்கும் வகுப்பு முறையே ஒரு மாற்றத்தின் விளைவு. ஜப்பானின் ஒகினாவாவில் இதோசு அன்கோ என்ற ஆசான் 1901-ஐ ஒட்டிக் கராத்தேயைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுபோனார். வரிசையாக நின்று எண்ணிக்கைக்கு ஏற்பச் செய்யும் முறை அதனோடு வந்தது. பினான் கட்டாக்கள் ஐந்தையும் மாணவர்களுக்காக ஒழுங்குபடுத்தியவர் அவர். அதே இதோசு 1908-இல் கல்வித் துறைக்கு எழுதிய பத்து அம்சக் கடிதத்தில் கராத்தே எதற்கு என்று தெளிவாகச் சொல்கிறார்: ஒற்றை எதிராளியோடு போட்டியிடுவதற்காக இது ஏற்பட்டதல்ல, முரடனோ கொள்ளைக்காரனோ எதிர்ப்பட்டால் அடிபடாமல் தப்புவதற்காக ஏற்பட்டது. 1922-இல் இன்னொரு ஒகினாவா ஆசான் ஃபுனாகோஷி டோக்கியோவுக்கு வந்த பிறகு கலை பல்கலைக்கழக மன்றங்களுக்குள் போனது. 1957-இல் அனைத்து ஜப்பான் போட்டி. கடைசியில் டோக்கியோ ஒலிம்பிக். ஒவ்வொரு படியிலும் எதிரே நிற்பவர் மாறினார். தெருவில் பிடித்து இழுப்பவன் போய், விதி தெரிந்த இன்னொரு கராத்தேக்காரர் வந்தார். நான் கேட்பது பழைய எதிராளியை மறுபடி வகுப்புக்குள் கூட்டிவருவதைத்தான்.

உங்களில் கற்றுத்தருபவர்கள், கற்றவர்கள், கற்காமலேயே சமாளித்தவர்கள் எல்லாரும் எழுதுங்கள். முக்கியமாகப் பெண்கள்.

காரிமங்கலம் பழைய மாணவன் · ஞாயிறு, இரவு 10.02

மாஸ்டருக்கு வணக்கம். உங்கள் அக்கறை புரிகிறது. ஆனாலும் உடன்பட முடியவில்லை.

குதிரை நிலையில் நின்று காலம் கழித்தேன் என்று யாரும் வருந்தி நான் பார்த்ததில்லை. அடி கையிலிருந்து பிறப்பதில்லை. தரையிலிருந்து இடுப்பு வழியாக வருகிறது. அந்த இணைப்பு உடம்பில் ஏற மாதங்கள் ஆகும். அதை விட்டுவிட்டு “பயன்படுவது” மட்டும் என்று பொறுக்கிக் கொடுத்தால், அந்தப் பெண்ணிடம் இருப்பது அசைவின் நினைவு மட்டும். நூறு கிலோ எடை உள்ளவன் பிடித்து உலுக்கும்போது நினைவு எதற்கு உதவும்?

அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. நம் மாவட்டத்தில் ஒரு நாள் தற்காப்பு முகாம்கள் நடக்கின்றன. ஓடு உடைத்துக் காட்டுகிறார்கள், கையைத் திருகிக் காட்டுகிறார்கள், சான்றிதழ் கொடுத்துப் படம் எடுக்கிறார்கள். அந்தப் பிள்ளை தனக்கு ஏதோ தெரியும் என்று நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போகிறது. பயம் இருந்தால் ஓடியிருப்பாள். நம்பிக்கை இருப்பதால் நின்றுவிடுவாள். உங்கள் மூன்று மாதமும் சற்று நீண்ட முகாமாக ஆகிவிடக் கூடாது.

மேலும், கராத்தேயில் முதல் அடி கிடையாது என்பது ஃபுனாகோஷியின் வாக்கு. காமகுராவின் எங்காகு-ஜி கோயிலில் 1968-இல் அவருக்கு எழுப்பிய நினைவுக் கல்லில் அதையே பொறித்திருக்கிறார்கள். தெருச் சண்டைக்கு ஏற்ப மாற்றுகிறேன் என்று கிளம்புகிறவர்கள் முதலில் தூக்கி எறிவது இந்த ஒழுக்கத்தைத்தான். அதை விட்டுவிட்டால் மிச்சம் இருப்பது அடிதடி.

தருமபுரி ஷிட்டோ-ரியு · ஞாயிறு, இரவு 11.25

தம்பி, முகாம்களைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க மாட்டேன். அந்தப் பொய் நம்பிக்கை எப்படி உண்டாகிறது? இணை ஒத்துழைப்பதால். கையைத் திருகினால் அவரே விழுந்து கொடுக்கிறார். அடிப்படைப் பயிற்சியைக் கூட்டுவதால் மட்டும் இந்தக் குறை தீராது. ஐந்து ஆண்டு காற்றில் குத்தியவருக்கும் அதே பொய் நம்பிக்கை உண்டு, ஐந்து மடங்காக.

தரையிலிருந்து இடுப்பு வழியாக அடி வர வேண்டும் என்பது சரி. அதைக் கிக் பேடில் (இணை கையில் பிடித்திருக்கும் தடித்த மெத்தையில்) அடித்தே கற்கலாம். பேடில் படும்போது வலு இருக்கிறதா இல்லையா என்று அந்தப் பெண்ணுக்கே தெரிந்துவிடும், நான் சொல்ல வேண்டியதில்லை. எட்டு மணி நேரம் நின்று வேலை செய்யும் ஒருத்தியைக் குதிரை நிலையில் நிறுத்தித் தொடையைச் சோதிக்க எனக்கு மனம் வரவில்லை.

எதை வைத்துக்கொள்வது என்றும் சொல்கிறேன், ஏனென்றால் கலையில் இருப்பது நிறைய.

முதலாவது, இடுப்புக்கு இழுக்கும் கை. ஒரு கை குத்தும்போது மறு கை ஏன் இடுப்புக்குப் போகிறது என்று கேட்டால், பாதி வகுப்புகளில் “வலு கிடைக்கும்” என்று பதில் வரும். அந்தக் கை வெறுங்கை என்று யார் சொன்னது? எதிராளியின் கையையோ சட்டையையோ பிடித்து இழுத்துக்கொண்டு வருகிற கை அது. இழுத்தால் அவன் சமநிலை குலைகிறது, முகம் முன்னால் வருகிறது, இருட்டிலும் கூட்டத்திலும் அவன் எங்கே இருக்கிறான் என்று உன் கைக்குத் தெரிகிறது. பிடிபட்ட நிலையிலிருந்து சண்டை தொடங்குகிறது என்று வைத்துக்கொண்டு பார்த்தால் கட்டாவின் பாதி அசைவுகளுக்குப் பொருள் வந்துவிடுகிறது.

இரண்டாவது, பினான் ஐந்தில் ஒன்றான நிதானின் தொடக்கத்தில் வரும் சுத்தியல் அடி. கையை வளைத்துப் பின்னுக்கு இழுத்து மேலிருந்து இறக்குகிறோமே, அதை மணிக்கட்டுப் பிடியிலிருந்து விடுபடுவதற்கு என்று விளக்கியவர் ஃபுனாகோஷியேதான். பிடித்தவனின் கட்டைவிரல் பக்கமாக இழு, இழுத்த கையாலேயே திருப்பி அடி. இதை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கற்றுத்தர முடியும்.

மூன்றாவது, நைஹாஞ்சி. போட்டியில் யாரும் விரும்பாத கட்டா. பக்கவாட்டில் மட்டும் நகர்கிறது, பாய்ச்சல் இல்லை, துள்ளல் இல்லை. நெரிசலான டவுன் பஸ்ஸில் முதுகுக்குப் பின்னால் கம்பியும் பக்கத்தில் இருக்கையும் இருக்கும்போது வேறு எப்படி நகர முடியும்? ஒரு கையால் தலையைப் பிடித்து மறு முழங்கையால் அடிக்கும் அசைவு அதில் இருக்கிறது. பழைய ஒகினாவா ஆசான் மொதோபு சோகி இந்தக் கட்டாவையே தன் கலையின் மையமாக வைத்திருந்தார். 1926-இல் அவர் வெளியிட்ட இணைப் பயிற்சிகளைப் பார்த்தால் எல்லாம் முகத்துக்கு முகம், கைக்குக் கை உரசும் தூரத்தில்தான் நடக்கின்றன. மொதோபு ஒகினாவாவின் நாஹாவில் தெருவில் இறங்கிச் சோதித்துப் பார்த்த மனிதர்.

எடுத்து வைப்பவை: உயர உதை, பாய்ந்து குத்துவது, மூடிய முஷ்டியால் தலையில் அடிப்பது. கடைசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெறும் முஷ்டியால் மண்டையில் குத்தினால் சுண்டுவிரலுக்குக் கீழே உள்ள உள்ளங்கை எலும்பு முறிவது சாதாரணம். நுண்ணிய பாகங்களைப் பொருத்தும் வேலை செய்கிறவளுக்குக் கை முறிந்தால் சம்பளம் போய்விடும். உள்ளங்கையின் அடிப்பகுதியும் முழங்கையும் போதும். இரண்டும் நம் கலையிலேயே இருக்கின்றன.

முதல் அடி பற்றிச் சட்டம் தெரிந்த யாராவது எழுதினால் நல்லது.

அரூர் வழக்கறிஞர் · திங்கள், காலை 7.40

எழுதுகிறேன். தற்காப்பு வகுப்பு நடத்தும் ஒவ்வொருவரும் இதை மாணவர்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் தற்காப்பு உரிமை 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் வருகிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரை இருந்தவையே இவை. 40-ஆம் பிரிவின்படி, தாக்கும் முயற்சியாலோ மிரட்டலாலோ உடலுக்கு ஆபத்து என்ற நியாயமான அச்சம் எழுந்த உடனேயே உரிமை தொடங்குகிறது. அந்த அச்சம் நீடிக்கும் வரை நீடிக்கிறது. முதல் அடியை வாங்கிக்கொண்ட பிறகுதான் கை ஓங்க வேண்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. 2010-இல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை விளக்கியிருக்கிறது: நியாயமான அச்சம் போதும், குற்றம் நடந்து முடிந்திருக்கத் தேவையில்லை; ஆபத்தில் இருப்பவர் தன் எதிர்ப்பைத் தராசில் நிறுத்து அளந்து செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

அதே நேரம் 37-ஆம் பிரிவு ஓர் எல்லை வைக்கிறது. தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகத் தீங்கு செய்யும் உரிமை கிடையாது. பிடியை விடுவிக்க முழங்கையால் அடித்தாள், அவன் விழுந்தான், இவள் ஓடினாள்: தற்காப்பு. அவன் விழுந்த பிறகு திரும்பி வந்து மிதித்தாள்: அங்கே இவள் மீதே வழக்கு வரலாம். ஆகவே ஒவ்வொரு பயிற்சியின் முடிவும் ஓடுவதாக இருக்கட்டும். அடித்துவிட்டு நின்று பார்க்கும் பழக்கத்தை உடம்புக்கு ஏற்றாதீர்கள். பாலியல் வன்முறை, கடத்தல், அமிலத் தாக்குதல் போன்றவற்றில் இந்த உரிமை தாக்குபவனின் உயிர் போகும் அளவுக்குக்கூட நீளும் என்பதை 38-ஆம் பிரிவு சொல்கிறது.

பஸ்ஸில் நடப்பதைப் பற்றியும் ஒன்று. தருமபுரியில் ஏறி ஓசூரில் இறங்குவதற்குள் பல காவல் நிலைய எல்லைகளைக் கடக்கிறோம். “எங்கள் எல்லையில் நடக்கவில்லை” என்று திருப்பி அனுப்ப முடியாது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். தொடுதல், பின்தொடர்தல் ஆகியவற்றுக்கு நியாய சன்ஹிதாவின் 74, 75, 78 பிரிவுகளும், தமிழ்நாட்டின் 1998-ஆம் ஆண்டுப் பெண்கள் துன்புறுத்தல் தடைச் சட்டமும் உள்ளன. அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181.

பென்னாகரம் இரவு ஷிப்ட் · திங்கள், மதியம் 2.15

மாஸ்டர் பெண்களை எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். பென்னாகரத்துக்காரி. ஓசூர் பக்கம் விடுதியில் தங்கி வேலை செய்கிறேன்.

நீங்கள் எல்லாரும் பேசுவது முகம் தெரியாதவனைப் பற்றி. இருட்டில் வந்து பிடிப்பவனைப் பற்றி. அவன் வரவே மாட்டான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்கள் அறையில் இரவில் பேசிக்கொள்ளும்போது வருகிற பெயர்கள் எல்லாம் தெரிந்த பெயர்கள். வேன் ஓட்டுபவர். மேற்பார்வையாளர். வாடகை வீட்டுக்காரரின் மகன். அக்காவின் கணவர் வழியில் ஒரு மாமா. அவர்களில் யாரும் மணிக்கட்டைப் பிடித்துத் தொடங்குவதில்லை. முதலில் வண்டியில் முன் இருக்கையில் உட்காரச் சொல்வார். பிறகு இரவில் செய்தி அனுப்புவார். பிறகு தோளில் கை வைப்பார், பெரியவர் வைப்பது மாதிரி. அந்த இடத்தில் முழங்கையால் அடிக்க முடியுமா? அடித்தால் வேலை போகும், உறவு போகும், “இவளுக்குத்தான் ஏதோ கோளாறு” என்று ஊர் பேசும். அடிக்காமல் விட்டால் அடுத்த வாரம் கை இன்னும் கீழே வரும்.

இந்த இடத்துக்கு உங்கள் கட்டாவில் என்ன இருக்கிறது, மாஸ்டர்? குற்றம் சொல்வதற்காகக் கேட்கவில்லை. இதற்குப் பதில் இருந்தால், விடுதியிலிருந்து தோழிகளையும் அழைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வருவேன்.

பர்கூர் உடற்கல்வி ஆசிரியை · திங்கள், மாலை 5.50

பென்னாகரம் தங்கை கேட்டதுதான் இந்த இழையில் இதுவரை வந்தவற்றில் முக்கியமான கேள்வி. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளைப் பாருங்கள். பாலியல் வன்முறை வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவர்தான். ஆண்டுதோறும் இதே கதை. அப்படியிருக்க, நம் பள்ளிகளில் நடக்கும் மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சியில் முகமூடி போட்டவனையே எதிரியாகக் காட்டிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பயிற்சியை முன்னின்று நடத்துகிறவள் என்ற முறையில் எனக்கு இது நெஞ்சில் தைக்கிறது.

கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களில் 893 முதலாண்டு மாணவிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2015-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. ஒரு பாதிப் பேருக்குப் பன்னிரண்டு மணி நேரப் பயிற்சி. மறு பாதிக்குத் துண்டறிக்கைகள் மட்டும். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது வன்புணர்வுக்கு ஆளானவர்கள் துண்டறிக்கை பெற்றவர்களில் 9.8 விழுக்காடு, பயிற்சி பெற்றவர்களில் 5.2 விழுக்காடு. மூன்று மாதம் போதாது என்று காரிமங்கலம் தம்பி சொல்கிறார். பன்னிரண்டே மணி நேரம் இவ்வளவு செய்திருக்கிறது. ஆனால் அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் அடிப்பது, விடுபடுவது ஒரு பகுதிதான். மீதி, தெரிந்தவரிடமிருந்து வரும் ஆபத்தை எப்படி அடையாளம் காண்பது, “இவரைப் புண்படுத்திவிடுவோமோ” என்ற தயக்கத்தை எப்படித் தாண்டுவது, எந்தக் கட்டத்தில் எந்த அளவுக்கு எதிர்ப்பது என்பவை.

கட்டாவில் இதற்கு என்ன இருக்கிறது என்றால், கத்தல் இருக்கிறது. அடியோடு சேர்த்து வயிற்றிலிருந்து எழுப்பும் அந்த ஒலியை நான் சொற்களாக மாற்றிவிட்டேன். “ஹாய்!” என்று கத்தும் இடத்தில் “கையை எடுங்கள்!” என்று கத்த வைக்கிறேன். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு படி: ஆளைச் சுட்டிச் சொல்ல வேண்டும். “நீலச் சட்டை போட்டவரே, கையை எடுங்கள்!” என்றால் எல்லாத் தலையும் நீலச் சட்டைப் பக்கம் திரும்புகிறது, கண்டக்டரும் எழுந்து வருகிறார். வெறுமனே “ஐயோ” என்றால் எல்லாரும் இவளைத்தான் பார்ப்பார்கள்.

முதல் வகுப்பில் பிள்ளைகளுக்குக் குரலே வராது. உதை வந்துவிடும், குரல் வராது. சிறு வயதிலிருந்தே அடக்கிப் பேசு என்று வளர்த்துவிட்டோம். ஆகவே படிப்படியாக ஏற்றுகிறேன். முதல் படி: ஓர் எட்டு விலகி, முகத்தைப் பார்த்து, சாதாரணக் குரலில் “தோளில் கை வைக்காதீர்கள், எனக்குப் பிடிக்கவில்லை.” சிரிக்கக் கூடாது, மன்னிப்புக் கேட்கும் தொனி கூடாது, காரணமும் சொல்லக் கூடாது, காரணம் சொன்னால் அவர் வாதத்துக்கு வருவார். இரண்டாம் படி, அதே சொற்கள் உரத்த குரலில், கைகள் இரண்டும் நெஞ்சுக்கு முன்னால், உள்ளங்கை வெளிப்பக்கம். பார்ப்பவர்களுக்கு அது தடுப்பாகத் தெரியும்; அங்கிருந்து உள்ளங்கை அடிக்கு ஒரு சாண் தூரம்தான். மூன்றாம் படியில்தான் மாஸ்டரின் முழங்கை வருகிறது. தங்கையின் மேற்பார்வையாளர் பெரும்பாலும் முதல் இரண்டு படிகளுக்குள் வருகிறவர். அந்தப் படிகளையும் இணை வைத்து, அவர் மழுப்ப மழுப்ப, பழக வேண்டும். “என்னம்மா, அப்பா மாதிரி நினைத்துத்தானே வைத்தேன்” என்று இணை சொல்வார். அதைக் கேட்டு இளகாமல் அதே வாக்கியத்தை மறுபடி சொல்வதுதான் பயிற்சி. உடம்புக்கு எவ்வளவு கடினமோ அவ்வளவு இதுவும் கடினம்.

ஊத்தங்கரை அப்பா · திங்கள், இரவு 8.05

ஆசிரியை அம்மாவுக்கு நன்றி. என் மகளுக்கு 13 வயது. இந்த “அப்பா மாதிரி” வசனத்தை வீட்டில் நானே சொல்லி அவளைப் பழக்கலாமா என்று யோசிக்கிறேன். சரியாக இருக்குமா?

பர்கூர் உடற்கல்வி ஆசிரியை · திங்கள், இரவு 8.30

வேண்டாம் ஐயா, அந்த வேடம் உங்களுக்கு வேண்டாம். நீங்கள் செய்ய வேண்டியது வேறு: அவள் வந்து எந்த உறவினரைப் பற்றி என்ன சொன்னாலும் முதலில் நம்புவேன் என்று இப்போதே அவளிடம் சொல்லி வையுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் சொல்லிக்கொடுங்கள்.

காவேரிப்பட்டணம் ஜூடோ · திங்கள், இரவு 9.20

மாஸ்டர், கராத்தே தன்னிடம் இல்லாததை வேறு கலையிடம் கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். ஜூடோக்காரன் என்ற முறையில் இரண்டு விஷயம் தருகிறேன்.

முதலில் பயிற்சி முறை. 1882-இல் டோக்கியோவின் எய்ஷோ-ஜி கோயிலில் ஜூடோவை உருவாக்கிய கனோ ஜிகோரோ கொடோகான் என்ற தன் பள்ளியைத் தொடங்கியபோது அவருக்கு வயது 21. தென்ஜின் ஷின்யோ, கிதோ ஆகிய இரண்டு பழைய ஜுஜுட்சு மரபுகளை முறையாகக் கற்றவர். அவர் செய்த மாற்றம் விசித்திரமாகத் தோன்றும்: கொடிய உத்திகளைச் சுதந்திரப் பயிற்சியிலிருந்து வெளியே எடுத்தார். விரல் முறிப்பது, முக்கிய இடங்களில் அடிப்பது எல்லாம் கட்டாவுக்குள் போயின. எஞ்சியவற்றை முழு வலுவோடு, முழு எதிர்ப்போடு, தினமும் ஒருவரோடு ஒருவர் செய்ய முடிந்தது. கொடிய உத்தியை மெதுவாக, ஒத்துழைக்கும் இணையிடம் செய்பவரைவிட, எளிய உத்தியை எதிர்க்கும் இணையிடம் ஆயிரம் முறை செய்தவரே நிலைக்கிறார். கலை பிழைத்ததற்கும் உலகம் முழுவதும் பரவியதற்கும் காரணம் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

இதற்கு மறுபக்கமும் எங்கள் கலையிலேயே இருக்கிறது. 1956-இல் கொடோகான் நவீனத் தற்காப்புக்கென்று ஒரு புதிய கட்டாவையே வெளியிட்டது. 21 உத்திகள், 12 வெறுங்கைத் தாக்குதலுக்கு, 9 ஆயுதத்துக்கு, அதில் கைத்துப்பாக்கிகூட உண்டு. உருவாக்கியவர்கள் பெரிய ஆசான்கள். ஆனால் இன்று அது பெரும்பாலும் தேர்வுக்கும் கட்டாப் போட்டிக்கும்தான். நவீனத் தாக்குதலை எடுத்துக்கொண்டாலும், இணை எப்போது எங்கே பிடிப்பார் என்பது முன்பே தெரிந்திருந்தால் அது பழைய நடனமாகவே முடிகிறது. ஆகவே தாக்குதல்களை மட்டும் மாற்றினால் போதாது, மாஸ்டர். இணை விடாமல் பிடிக்க வேண்டும். முதல் முயற்சி தோற்க வேண்டும். தோற்ற பிறகு என்ன செய்வது என்பதில்தான் பயிற்சி நேரத்தின் பெரும்பகுதி போக வேண்டும். கண்ணைக் கட்டி நிறுத்தி, எங்கிருந்து பிடிப்பார்கள் என்று தெரியாமல் பழகுங்கள். ஐந்து வினாடி முழு எதிர்ப்பு, பிறகு ஓய்வு. அதற்கு மேல் தொடக்கத்தில் வேண்டாம், காயம் வரும்.

இரண்டாவது, விழுதல். தற்காப்பு வகுப்பில் இதை யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் அதில் வீரம் தெரிவதில்லை. தாடையை நெஞ்சோடு சேர்த்து, தலை தரையில் படாமல், கையை ஊன்றாமல், உருண்டு விழுவது. நம் பக்கத்தில் பெண்கள் மீது நடக்கும் தாக்குதல்களில் சங்கிலிப் பறிப்பும் ஒன்று. பைக்கில் வருகிறவன் தாலிச் சங்கிலியைப் பிடித்து இழுக்கும்போது பெரும் காயம் கழுத்திலும், விழுந்து அடிபடும் தலையிலும்தான். அங்கே எந்தக் குத்தும் உதவாது. விழத் தெரிந்திருந்தால் மண்டை தப்பும். ஸ்கூட்டரில் மழைக்காலத்தில் சறுக்கினாலும் இதே பாடம் உதவுகிறது. மூன்று மாதத்தில் எல்லாரும் நன்றாகக் கற்கக்கூடிய ஒன்று இது, ஐம்பது வயதுக்காரர்களும்கூட. பாய் விரித்து, உட்கார்ந்த நிலையிலிருந்து தொடங்குங்கள். என்னிடம் பாய்கள் இருக்கின்றன, கொண்டுவருகிறேன்.

தொப்பூர் இளைஞன் · திங்கள், இரவு 10.40

கத்தி வந்தால் என்ன செய்வது? நான் பார்த்த காணொளிகளில் மணிக்கட்டைப் பிடித்துத் திருகிப் பறிக்கிறார்களே, அதைச் சேர்ப்பீர்களா?

தருமபுரி ஷிட்டோ-ரியு · செவ்வாய், காலை 6.15

தம்பி, சேர்க்க மாட்டேன். கத்தி வந்தால் பர்ஸைத் தூக்கித் தூரமாக எறிந்துவிட்டு எதிர்ப்பக்கம் ஓட வேண்டும். சங்கிலி, போன், ஸ்கூட்டர் எதுவானாலும் கொடுத்துவிட வேண்டும். ஓட வழியே இல்லாவிட்டால் கைப்பை, நாற்காலி, ஹெல்மெட், எது கிடைக்கிறதோ அதை இடையில் வைக்க வேண்டும். அமெரிக்கப் போலீஸ் பயிற்சியாளர் டென்னிஸ் டூலர் 1983-இல் எழுதிய கணக்கு ஒன்று உண்டு: 21 அடி தூரத்தில் கத்தியோடு நிற்பவன் சுமார் ஒன்றரை வினாடியில் உங்கள் மேல் இருப்பான், உறையிலுள்ள துப்பாக்கியை எடுத்துச் சுட ஒரு போலீஸ்காரருக்கு ஆகும் நேரமே அவ்வளவுதான். கட்டாவில் மரக்கத்தி ஒரு முறை வந்து நிற்கும். தெருவில் கத்தி நிற்காது. இழுத்து இழுத்து மறுபடி வரும். இந்தப் பாடத்தைக் காணொளிக்காக அழகாகச் செய்து காட்டுகிறவர்கள் மேல் எனக்குக் கோபமே வருகிறது. அதைப் பார்த்து ஒரு பிள்ளை கத்தியை நோக்கிக் கையை நீட்டினால் யார் பொறுப்பு?

பென்னாகரம் தங்கைக்கு: ஆசிரியை அம்மா எழுதிய மூன்று படிகளை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு வகுப்பிலும் முதல் அரை மணி அதற்கே. அவர்கள் வர இசைந்தால் அந்தப் பகுதியை அவர்களே நடத்தட்டும். நான் நடத்துவதைவிட அதுதான் சரி. நீங்கள் எழுதிய வேன், தோளில் கை, இரவுச் செய்தி எல்லாம் பயிற்சிக் காட்சிகளாக வரும். செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள், தேதியோடு குறித்து வையுங்கள் என்பதையும் வழக்கறிஞர் ஐயா ஒரு நாள் வந்து விளக்கினால் நன்றாயிருக்கும்.

அரூர் வழக்கறிஞர் · செவ்வாய், காலை 8.00

வருகிறேன். பணியிடத் துன்புறுத்தல் பற்றிய 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் சேர்த்துப் பேசலாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் அது பொருந்தும். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் வரை கால நீட்டிப்புத் தரலாம்.

காரிமங்கலம் பழைய மாணவன் · செவ்வாய், மதியம் 1.30

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். முதல் அடி பற்றி: ஃபுனாகோஷியின் வாக்கை நான் சண்டையைத் தேடிப் போகாதே என்றே புரிந்துகொள்கிறேன், ஆசிரியை அம்மாவின் முதல் இரண்டு படிகள் அதற்கு முரண் இல்லை, சொல்லப்போனால் அதன் சிறந்த வடிவம். அதில் எனக்கு இனி வாதம் இல்லை.

அடிப்படை பற்றிய என் கருத்தில் மாற்றம் இல்லை. மூன்று மாதம் முடிந்து, தொடர விரும்புகிறவர்களுக்குக் கட்டாவும் நிலைகளும் முழுமையாகக் கற்றுத்தரப்பட வேண்டும். இல்லையென்றால் பத்து ஆண்டு கழித்து நைஹாஞ்சியை முழுதாகச் செய்ய நம் மாவட்டத்தில் ஆள் இருக்க மாட்டார்கள். அப்போது அதிலிருந்து எதை எடுத்துக் கொடுப்பீர்கள்?

விடாமல் பிடிக்கும் இணை வேண்டும் என்று ஜூடோ அண்ணன் எழுதியிருக்கிறார். எனக்கு 84 கிலோ எடை. கவசம் கொடுத்தால் ஞாயிறுதோறும் வந்து பிடிக்கிறேன்.

தருமபுரி ஷிட்டோ-ரியு · செவ்வாய், இரவு 9.45

தம்பி, வாருங்கள். தலைக் கவசமும் நெஞ்சுக் கவசமும் என்னிடம் இருக்கின்றன. ஒரு விதி: அந்தப் பெண் “நிறுத்து” என்றால் அந்த நொடியே விட வேண்டும், பாதிப் பிடியாக இருந்தாலும். முதல் நாள் யாரும் பிடிக்கப்பட வேண்டாம்; பார்க்க மட்டும் வருகிறவர்களும் இருப்பார்கள், அவர்களை வற்புறுத்தக் கூடாது.

கட்டா அழிந்துவிடும் என்ற உங்கள் பயம் என்னுடையதும்தான். மாலை வகுப்பில் பிள்ளைகளுக்கு ஒன்றையும் குறைக்கப் போவதில்லை. ஞாயிறு வகுப்பில் கண்டதை மாலை வகுப்புக்கும் கொண்டுபோய், இழுக்கும் கையில் எதையாவது பிடித்து இழுக்க வைப்பேன். அங்கும் வந்து பாருங்கள்.

அடுத்த ஞாயிறு காலை ஆறரைக்குத் தொடங்கலாம். வெயிலுக்கு முன் முடித்துவிடலாம், ஓசூர் போகிறவர்களுக்குப் பத்து மணி பஸ் கிடைக்கும்.

பென்னாகரம் இரவு ஷிப்ட் · செவ்வாய், இரவு 10.20

நாங்கள் நான்கு பேர் வருகிறோம், மாஸ்டர். சீருடை வாங்க வேண்டுமா?

தருமபுரி ஷிட்டோ-ரியு · செவ்வாய், இரவு 10.32

வேண்டாம். வேலைக்குப் போகும் அதே சுடிதார், அதே செருப்பு, அதே கைப்பை. பின்னலையும் அவிழ்க்க வேண்டாம், அதைப் பிடித்தால் எப்படி விடுபடுவது என்று பழக வேண்டும். கழுத்தில் மாட்டும் அடையாள அட்டைக் கயிற்றைக் கொண்டுவாருங்கள். இழுத்தால் பின்பக்கம் தானே கழன்றுவிடும் கிளிப் இருக்கிறதா என்று பார்க்கலாம். இல்லையென்றால் அன்றே மாற்றிவிடலாம்.